பொறுமை இல்லாத கீபோர்டு டீச்சர்

நான்கு வருடங்களுக்கு முன்பு, குற்றாலத்தில் சீசன் தொடங்கி அருவிகளில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்த சமயம். தென்காசியில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் முன்னறையில் நான் கீபோர்டு வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். நடத்தினேன் என்று சொல்வதைவிட, மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன் என்று சொல்வதுதான் சரி.

அதற்கு முன் ஐந்து வருடம் திருநெல்வேலியில் ஒரு தனியார் பள்ளியில் பாட்டு டீச்சராக இருந்தேன். சுலபமான வேலை. ஒரு வகுப்புக்கு நாற்பது பிள்ளைகள். நான் ஒரு வரி பாடுவேன், நாற்பதும் சேர்ந்து திருப்பிப் பாடும். யார் சுருதியில் இருக்கிறார்கள், யார் வாயை மட்டும் அசைக்கிறார்கள் என்று கடவுளுக்கே தெரியாது. மணி அடித்தால் அடுத்த நாற்பது. கணவருக்குத் தென்காசிக்கு மாற்றல் வந்ததும் அந்த வேலையை விட்டேன். தெரிந்த கீபோர்டை வீட்டிலேயே சொல்லிக் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம், நம் வீடு, நம் நேரம் என்று நினைத்தேன்.

கணவர் அப்போதே சொன்னார். "ஒனக்கு சரிப்பட்டு வராது. தனித்தனியா பிள்ளைய ஒக்கார வச்சு சொல்லிக் குடுக்கதுக்குப் பொறும வேணும்."

"எனக்குப் பொறும இல்லையா?" என்று நான் கத்தினேன். அவர் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார்.

கோடை விடுமுறையில் வகுப்பு தொடங்கியது. மூன்றாவது வகுப்பு முடிவதற்குள் ஒரு பையனின் அப்பா, "இன்னுமா ஸரிகம? பாட்டு எப்ப டீச்சர் வரும்? அடுத்த மாசம் என் மச்சினனுக்குக் கல்யாணம், மேடையில ஒரு பாட்டு வாசிக்கச் சொல்லணும்" என்றார். ஓர் அம்மா இரண்டு பையன்களை விட்டுவிட்டு, "இங்கனயே இருக்கட்டும், கடைக்குப் போயிட்டு வந்துருதேன்" என்று போனால், வகுப்பு முடிந்து வெகுநேரம் கழித்துத்தான் பைகளோடு திரும்பி வருவார். அதுவரை அந்த இரண்டும் என் வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து மூடும். வீட்டில் யாரும் பயிற்சி செய்வதே இல்லை. ஒவ்வொரு வாரமும் முதல் வாரம்தான்.

இத்தனைக்கும் மேலாக வந்து சேர்ந்தது அந்தப் போன்.

ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண். நல்ல பிள்ளை, கையும் நன்றாக வரும். வகுப்புக்கு அவளோடு அவள் அம்மாவும் வருவார். அப்பாவுக்குச் சவூதியில் டைல்ஸ் ஒட்டும் வேலை. முதல் நாளே அந்த அம்மா போனில் வீடியோ காலைப் போட்டு, என் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்தார்.

"அவ வாப்பா பாக்கணும்னு ஆசப்படுதாங்க டீச்சர். இந்நேரம் அவங்களுக்கு வேல முடிஞ்சிரும். சும்மா ஒரு ஓரமா இருக்கட்டும்."

ஓரமாக இருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். அது இருக்கவில்லை. பிள்ளை நாலு சுரம் வாசிப்பதற்குள் போனிலிருந்து குரல் வரும்.

"டீச்சர், ஒரு நிமிசம். அந்த ம-வுக்கு கட்டவெரலா வந்துது?"

"ஆமா."

"நடுவெரலுக்கு அடியில கூடியா போவுது?"

"ஆமா."

"ஒருக்க மெதுவா வாசிக்கச் சொல்லுங்களேன்."

கீபோர்டு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ, ரி, க மூன்றையும் கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல் என்று வாசித்தபின், கட்டைவிரலை மற்ற விரல்களுக்கு அடியில் நுழைத்து 'ம'-வில் வைக்க வேண்டும். எல்லோரும் முதலில் தடுமாறும் இடம் அதுதான். அந்தப் பெண் அதை இரண்டே வகுப்பில் பிடித்துவிட்டாள். ஆனால் அவள் அப்பா விடவில்லை. வாரா வாரம் அதே கேள்வி. என்னைச் சோதிக்கிறாரா, மகளைச் சோதிக்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை. "கேமராவைக் கொஞ்சம் கீழ எறக்கி வைங்க, மொகந்தான் தெரியுது, கை தெரியல" என்று வேறு சொல்வார். கடல் தாண்டி இருக்கும் அப்பா, மகள் முகத்தைப் பார்க்க வேண்டாம், விரலைக் காட்டு என்கிறாரே, இப்படி ஒரு மேற்பார்வையாளரா என்று மனதுக்குள் கறுவிக்கொள்வேன்.

போகப்போக அவர் தனியாகவும் இல்லை. அவர் இருந்தது பலர் தங்கும் அறை. பின்னால் இரட்டைக் கட்டில்களும், கயிற்றில் காயும் லுங்கிகளும் தெரியும். மேல் கட்டிலிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்க்கும். இன்னொருவர் தேநீர் டம்ளரோடு வந்து நிற்பார். பிள்ளை ஒரு வரிசையை முடித்தால் எல்லோரும் கைதட்டுவார்கள். ஒருநாள் யாரோ ஒருவர், "டீச்சர், பழைய மெலடி ஏதாவது ஒண்ணு போடச் சொல்லுங்க" என்றார். என் வகுப்பு நேயர் விருப்பம் ஆகிவிட்டது. நடுவில் நெட் போய்விட்டால் "கேக்குதா, கேக்குதா" என்று பாதி நேரம் கழியும்.

இந்த நிலையில்தான் உள்ளூர்ப் பள்ளி ஒன்றிலிருந்து கூப்பிட்டார்கள். பாட்டு டீச்சர் வேலை காலியாக இருக்கிறது, மாத முடிவுக்குள் பதில் சொல்லுங்கள் என்றார்கள். மறுபடியும் நாற்பது பிள்ளைகள், மணி அடித்தால் விடுதலை. யோசிக்கிறேன் என்று சொல்லிவைத்தேன்.

தென்காசியில் வீடு இருந்தால், சீசனில் அது லாட்ஜ். வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. அந்த வாரம் விருதுநகரிலிருந்து கணவரின் அக்கா, எனக்கு மதினி, குடும்பத்தோடு வந்து இறங்கினார். காலையில் ஐந்தருவி, மத்தியானம் பழைய அருவி, சாயங்காலம் மெயின் அருவி. மூன்று அருவிகளின் ஈரமும் என் வீட்டில்தான் காய வேண்டும். வெளியே சாரல். வெயில் என்பதே இல்லை. நான் சமையலறையில் இருந்த நேரம், மதினி நான்கு பெரிய துண்டுகளைக் கீபோர்டு மேல் விரித்துப் போட்டுவிட்டார்.

நான் வந்து பார்த்தபோது, விரல் வைத்து அழுத்தும் கட்டைகளின் இடுக்கில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. துடைத்து, காற்றாடிக்கு அடியில் வைத்து, சுவிட்சைப் போட்டால் நடுவில் இரண்டு கட்டைகள் ஊமை.

"கொஞ்சம் ஈரம் பட்டதுக்கா இம்புட்டு?" என்றார் மதினி. "வெயில்ல வச்சா சரியாயிரும்."

எந்த வெயிலில் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அந்தக் கோபம் அப்படியே உள்ளே நின்றது.

அன்று சாயங்காலம் அந்தப் பெண்ணின் வகுப்பு. வழக்கம்போலப் போன் பாட்டிலில் சாய்ந்தது. பிள்ளை வாசித்தாள். இரண்டு சுரம் வரவேண்டிய இடத்தில் தட்டும் ஓசை மட்டும் கேட்டது. நான் எதுவும் சொல்வதற்குள் போனிலிருந்து குரல் வந்தது.

"டீச்சர், அந்த எடத்துல சத்தமே வரலையே. அத அப்படித்தான் வாசிக்கணுமா?"

அவ்வளவுதான். மதினிக்குச் சேரவேண்டியது முழுவதும் அந்த மனிதருக்குப் போய்ச் சேர்ந்தது. "இந்தப் போன் இனிமே வகுப்புக்கு வேண்டாம். நான் பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்கவா, ஒங்களுக்குப் பதில் சொல்லிக்கிட்டு இருக்கவா? ஒரு நாள் விடாம கட்டவெரல், கட்டவெரல். அவளுக்கு அது எப்பவோ வந்துட்டு."

மேல் கட்டிலில் எட்டிப் பார்த்த தலை உள்ளே போய்விட்டது.

"சரி டீச்சர். மன்னிச்சுக்கிடுங்க" என்றார் அவர். படம் மறைந்தது. அந்த அம்மா போனை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிள்ளை என்னைப் பார்க்கவே இல்லை, கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கட்டைகளைச் சரிசெய்ய ஆள் பிடித்தேன். மதினி ஊருக்குப் போனார். போனும் இல்லை. இனி நிம்மதி என்று நினைத்தால், அந்தப் பெண் வேறு விதமாக என் உயிரை வாங்க ஆரம்பித்தாள். நன்றாகத் தெரிந்ததையே மறுபடி மறுபடி கேட்டாள்.

"மிஸ், ம-வுக்குக் கட்டைவிரல் எப்போ கிளம்பணும்? ரி வாசிக்கும்போதேவா, க வாசிக்கும்போதா?"

"நீதான் சரியா வாசிக்கியே?"

"இருந்தாலும் சொல்லுங்க மிஸ்."

அடுத்த வகுப்பில், "பெரிய விரலா இருந்து, கட்டை சின்னதா இருந்தா, பக்கத்துக் கட்டையும் சேந்து விழுமே. அப்போ என்ன செய்யணும்?"

"ஏட்டி, ஒனக்கு எங்க பெரிய விரல்?"

"சும்மாதான் கேட்டேன்."

எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்தது. நன்றாக வாசித்த ஒரே பிள்ளையும் இப்படி ஆகிவிட்டதே என்று தோன்றியது. கணவர் சொன்னதுதான் சரி, எனக்கும் இந்த வேலைக்கும் ஒத்துவராது. மறுநாள் பள்ளிக்குப் போன் செய்து, வருகிறேன் என்று சொல்லிவிடலாம் என்று முடிவெடுத்தேன். பள்ளிக்குச் சொல்வதற்கு முன் பிள்ளைகளின் வீட்டுக்குச் சொல்வதுதானே மரியாதை. ஒவ்வொருவராக அழைத்து, வகுப்பை நிறுத்துகிறேன் என்று சொன்னேன். கல்யாண மேடைக்காரர், "அப்ப பாட்டு?" என்றார். இரண்டு பையன்களின் அம்மாதான் நிஜமாகவே வருத்தப்பட்டார். அவர் இனி எப்படிக் கடைக்குப் போவார்?

அந்தப் பெண்ணின் வீட்டு எண் மட்டும் கிடைக்கவே இல்லை. எப்போது அழைத்தாலும் வேறொரு அழைப்பில் இருப்பதாகவே வந்தது. வீடு இரண்டு தெரு தள்ளித்தான். நேரில் சொல்லிவிடலாம் என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். சாரலும் காற்றும் சேர்ந்து குடையைத் திருப்பித் திருப்பி மடக்கின. அந்த எரிச்சலோடுதான் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

அந்த அம்மா திறந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, "டீச்சர், நீங்களா? ஒரு நிமிசம் இருங்க, உள்ள சொல்லிட்டு வந்துருதேன்" என்று தடுமாறினார். அதற்குள் உள்ளே இருந்து ஒரு குரல் கேட்டது. என் குரல் போலவே இருந்தது.

"எத்தன தடவ சொல்லுதது? எலுமிச்சம்பழத்தப் பிடிக்கிற மாதிரி கைய வைங்க. நீங்க தேங்காயப் பிடிக்கீங்க."

நான் பிறந்த ஊர் புளியங்குடி. எலுமிச்சம்பழத்துக்குப் பேர்போன ஊர். விரல்களை எப்படி வளைத்து வைப்பது என்று சொல்ல எனக்கு முதலில் வாய்க்கு வந்தது எலுமிச்சம்பழம்தான். எல்லாப் பிள்ளைகளிடமும் அதைத்தான் சொல்வேன். தேங்காய் அந்தப் பெண் சேர்த்துக்கொண்டது.

எட்டிப் பார்த்தேன். அவள் எனக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் அவளுடைய கீபோர்டு. அரிசி டப்பாவில் சாய்த்து வைத்த போன். போனில் முகம் இல்லை. இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன. சிமெண்டில் வேலை செய்து காய்த்துப்போன, தடித்த கைகள். அவற்றின் கீழே குழந்தைகள் விளையாடும் அளவுக்குச் சின்னதாக ஒரு கீபோர்டு.

ஸ, ரி, க வந்தது. கட்டைவிரல் அடியில் நுழையப் பார்த்து, முடியாமல், இரண்டு கட்டைகளைச் சேர்த்து அழுத்தியது.

"என் வெரலு அப்படித்தானட்டி இருக்கு" என்றது போன்.

"வெரல்ல ஒண்ணும் இல்ல வாப்பா. கவனம் இல்ல." பிறகு ஒரு பெருமூச்சு. அதுவும் என்னுடையதுதான். நான் அப்படிப் பெருமூச்சு விடுவேன் என்று அதுவரை எனக்குத் தெரியாது. "ம், மறுபடியும்."

அந்த அம்மா என்னைக் கூடத்து ஓரமாக இழுத்து, தணிந்த குரலில் சொன்னார்.

"கோவிச்சுக்கிடாதீங்க டீச்சர். அவங்க ரூம்ல இருந்த ஒருத்தர் ஊருக்கு வரும்போது அந்தச் சின்ன கீபோர்ட விட்டுட்டு வந்தாராம். இவளும் ஒங்ககிட்ட சேந்தாளா, நாமளும் கூடச் சேந்து படிச்சிருவோம்னு ஆரம்பிச்சாங்க. ஒங்ககிட்டச் சொல்லாண்டாம்னு அவங்கதான் சொன்னாங்க. தாடி நரச்சதுக்குப் பொறவு ஸரிகமவான்னு சிரிப்பீங்கன்னு வெக்கம்."

அவரே தொடர்ந்தார்.

"இவ நாலு வயசா இருக்கும்போது போனாங்க. வருசத்துக்கு ஒருக்க வருதாங்க. போன்ல கூப்பிட்டா, சாப்ட்டியா, படிச்சியா, அவ்வளவுதான். அதுக்கு மேல ரெண்டு பேருக்கும் பேச்சே வராது. இவ போன எங்கிட்டக் குடுத்துட்டு ஓடிருவா. இப்பதான் தெனமும் சண்ட போடுதாங்க. நீங்க போன் வேண்டாம்னு சொன்னதுல இருந்து, இவளே கேட்டுட்டு வந்து அவங்களுக்குச் சொல்லிக் குடுக்கா."

கேமராவை இறக்கி வை, கை தெரியவில்லை என்று அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. என் வகுப்பில் முதல் நாளிலிருந்து ஒரு மாணவர் இருந்திருக்கிறார். சந்தேகம் கேட்டிருக்கிறார், தினமும் பயிற்சி செய்திருக்கிறார். என்னிடம் சேர்ந்தவர்களிலேயே ஒழுங்காகப் பயிற்சி செய்த ஆளை நான் வெளியே அனுப்பியிருக்கிறேன்.

உள்ளே மறுபடியும் அதே இடத்தில் அதே தப்பு. பெண் குரலை உயர்த்தினாள். எனக்குக் கை பரபரத்தது. பேசாமல் திரும்பி வந்திருக்கலாம். ஆனால் அந்தக் கைகளைப் பார்த்ததும் ஒன்று உறைத்தது. மணிக்கட்டு கட்டைகளைவிடக் கீழே இருந்தது. அப்படி இருந்தால் எந்தக் கட்டைவிரலும் உள்ளே நுழையாது.

நான் போய் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் திடுக்கிட்டு எழப் பார்த்தாள். தோளைத் தொட்டு உட்கார வைத்தேன்.

"போனைக் கொஞ்சம் தள்ளி வைங்க. நீங்க எப்படி ஒக்காந்திருக்கீங்கன்னு பாக்கணும்" என்றேன்.

கைகள் அப்படியே நின்றுவிட்டன. பிறகு படம் ஆடி, முகம் தெரிந்தது. அவர் அவசரமாகச் சட்டைப் பொத்தானைப் போட்டார்.

"டீச்சர், நா சும்மா பொழுதுபோக்குக்கு..."

"அது இருக்கட்டும். கீபோர்டை எங்க வச்சிருக்கீங்க?"

கட்டிலை ஒட்டிய ஓர் இரும்புப் பெட்டி மேல் வைத்திருந்தார். அவர் உட்கார்ந்திருந்தது தொய்ந்துபோன மெத்தை. கீபோர்டு ஏறக்குறைய நெஞ்சுக்கு வந்துவிட்டது. பாவம், அந்தப் பெண்ணுக்கு இது எப்படித் தெரியும்? அவள் போனில் கையை மட்டும்தானே பார்த்தாள்.

"தலகாணியப் போட்டு ஒசரமா ஒக்காருங்க."

ஒரு தலையணை போதவில்லை. மேல் கட்டிலிலிருந்து ஒன்று வந்தது. பக்கத்துக் கட்டில்காரர் போர்வையை மடித்துக் கொடுத்தார். அதன்மேல் ஏறி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இப்ப முழங்கையத் தளத்தி விடுங்க. க-வ அழுத்தும்போதே கட்டவெரல் உள்ள கெளம்பணும். மெதுவா."

ஸ, ரி, க. கட்டைவிரல் நுழைந்தது. ம. அதற்கடுத்து ப, த, நி, மேல் ஸ. நடுவில் எங்கும் நிற்கவில்லை.

அவர் கையை எடுத்துவிட்டுத் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் அறை முழுக்கக் கைதட்டியது. பக்கத்தில் இருந்த பெண், "அத முன்னாடியே செஞ்சிருந்தா என்ன வாப்பா?" என்று கோபமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு முகத்தை என் முழங்கையில் மறைத்துக்கொண்டாள். அவள் சிரித்தாளா அழுதாளா என்று நான் பார்க்கவில்லை.

எதற்காக வந்தேன் என்பதை அந்த வீட்டில் நான் சொல்லவே இல்லை. "வெள்ளிக்கிழம வகுப்புக்குப் போனையும் கொண்டு வாங்க" என்று மட்டும் சொன்னேன். நடந்து வரும்போது அந்தப் பெண் அப்பாவை அதட்டியதுதான் காதில் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்குத் துளிகூடப் பொறுமை கிடையாது. ஆனால் அவள் அவரை விடவும் இல்லை. அந்தச் சுரம் விழுந்தே ஆகவேண்டும் என்று அவளுக்கு இருந்தது. பள்ளியில் இருந்த ஐந்து வருடத்தில் நான் ஒருநாளும் எரிச்சல்பட்டதில்லை. என்னை எல்லோரும் நல்ல டீச்சர் என்றார்கள். அந்த நாற்பது நாற்பது பிள்ளைகளில் ஒருத்தியின் குரல்கூட இன்று எனக்கு நினைவில் இல்லை.

மறுநாள் காலையில் பள்ளிக்குப் போன் செய்து, வரவில்லை என்று சொன்னேன். கணவர் கேட்டுக்கொண்டே நின்றார். "அப்ப தெனமும் கத்தப் போற?" என்றார். ஆமாம் என்றேன்.

நிறுத்துகிறேன் என்று சொன்ன வீடுகளுக்கெல்லாம் மறுபடி போன் செய்து, நிறுத்தவில்லை என்று சொல்லும் கூத்தும் நடந்தது. கடைக்குப் போகும் அம்மா அன்று மாலையே பையன்களைக் கொண்டுவந்து விட்டார். எதுவும் மாறிவிடவில்லை. சீசன் வந்தால் பாதிப் பிள்ளைகளைக் காணோம், வீட்டில் விருந்தாளி என்பார்கள். போனில் நெட் நின்று நின்று வரும். சவூதி அறையிலிருந்து பழைய மெலடி கேட்பவர் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். அடுத்த வருடம் விடுமுறையில் வந்த அந்த அப்பா, என் வீட்டுக் கீபோர்டின் முன் உட்கார்ந்தபோது, கட்டைகள் பெரிதாக இருந்ததால் முதல் வரிசையிலேயே வழி தவறினார். மகள் அவரை அதட்டினாள். நான் இரண்டு பேரையும் சேர்த்து அதட்டினேன்.

வகுப்பு முடிந்தபின் தொண்டை காய்ந்து உட்கார்ந்திருக்கும் நாட்களில், இந்த வேலை எனக்கு ஏற்றதுதானா என்ற கேள்வி இப்போதும் வரும். ஆனால் ஒரு பிள்ளையிடம் எனக்கு எரிச்சல் வருகிறது என்றால், அந்தப் பிள்ளையை நான் இன்னும் கைவிடவில்லை என்றுதான் இப்போதெல்லாம் அதற்குப் பொருள் எடுத்துக்கொள்கிறேன்.